யாரும் கால் வைக்காத தரை: பெங்களூரு வார இறுதி மலையேற்றக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆள் சேர்த்து, டெம்போ டிராவலர் பிடித்து, சனிக்கிழமை விடியுமுன் ஹெப்பாலில் எங்களை ஏற்றிக்கொண்டு போகும் ஒருங்கிணைப்பாளர்களுக்கும், அந்தப் பயணங்களில் கூட வரும் தமிழ் நண்பர்களுக்கும்,

வணக்கம்.

சென்ற வாரம் நம் வாட்ஸ்அப் குழு ஒன்றில் ஓர் அறிவிப்பு வந்தது. ஆந்திராவின் கர்னூல் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் குகைகளுக்கு இரண்டு நாள் பயணம். முதல் நாள் பெலும். அடுத்த நாள், சுற்றுலாப் பயணிகள் போகாத வேறொரு குகை. உள்ளே தவழ்ந்து போய், "இதுவரை யாருமே கால் வைக்காத அறை" வரைக்கும் போகலாம் என்று போட்டிருந்தார்கள். அரை மணி நேரத்துக்குள் இடமெல்லாம் நிரம்பிவிட்டது.

அந்த இரண்டாம் நாள் திட்டத்தைக் கைவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடலை எழுதுகிறேன். யாருமே கால் வைக்காத தரை என்பது உண்மையானால், அதில் முதல் கால் நம்முடையதாக இருக்கக் கூடாது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பொறுமையாகப் படியுங்கள்.

ஐரோப்பாவில் குகைக் கரடி என்று ஒரு விலங்கு இருந்தது. ஜெர்மனியில் பவேரியப் பக்கத்துக் குகை ஒன்றில் கிடைத்த மண்டையோட்டை வைத்து 1794-ல் ரோசன்முல்லர் என்ற இளம் ஆய்வாளர் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார். நன்கு வளர்ந்த ஆண் கரடி அரை டன் எடைகூட வரும். ஆனால் அது தின்றது பெரும்பாலும் தழை, கிழங்கு, பழம். குளிர்காலம் வந்தால் குகைக்குள் போய் மாதக்கணக்கில் உறங்கும். போதுமான கொழுப்பைச் சேர்க்க முடியாமல் போன கரடியும், கிழடும், குட்டியும் அந்த உறக்கத்திலேயே செத்துப்போகும். ஒரே குகைக்குத் தலைமுறை தலைமுறையாக வந்ததால் எலும்பு மலைபோல் சேர்ந்தது. ஆஸ்திரியாவில் மிக்ஸ்னிட்ஸ் ஊருக்கு அருகிலுள்ள குகையில், 1920-களின் தொடக்கத்தில் அந்த எலும்பு மண்ணை டன் கணக்கில் வெட்டியெடுத்து வயலுக்கு உரமாக்கினார்கள். சுமார் 24,000 ஆண்டுகளுக்கு முன் அந்த இனமே இல்லாமல் போய்விட்டது.

இத்தனை எலும்பு இருக்கும்போது காலடித் தடத்துக்கு என்ன மதிப்பு என்று கேட்கலாம். குகையில் கிடைக்கும் எலும்பு, அங்கே செத்த கரடியுடையது. வசந்தத்தில் எழுந்து நலமாக வெளியே போன கரடி அங்கே எலும்பை விட்டுவிட்டுப் போகவில்லை. அது விட்டுப்போனது தடத்தை மட்டும்தான். எந்தச் சுவர் ஓரமாகப் போனது, எங்கே வழுக்கியது, எங்கே நின்று திரும்பியது, குட்டி அதன் பக்கத்தில் நடந்ததா பின்னால் வந்ததா என்பதெல்லாம் ஈரக் களிமண்ணில் பதிந்திருக்கும். அழிந்துபோன ஒரு விலங்கு எப்படி நடந்தது என்பதற்கு அதன் கால் எலும்பைப் பார்த்துக் கணக்குப் போடலாம். தடம் இருந்தால் கணக்கே தேவையில்லை, நடையே கண்முன் இருக்கிறது.

பிரான்ஸின் ஆர்தேஷ் பகுதியில் ஷோவே குகை இருக்கிறது. 1994 டிசம்பர் 18 அன்று ஷோவே, ப்ரூனெல், இல்லேர் என்ற மூன்று குகை ஆர்வலர்கள் ஒரு பொந்து வழியாக வந்த காற்றை வைத்து அதைக் கண்டுபிடித்தார்கள். அவர்களும் நம்மைப் போல வார இறுதியில் குகை தேடிப் போகிறவர்கள்தான். குகையின் பழைய வாய் சுமார் 21,000 ஆண்டுகளுக்கு முன் பாறை சரிந்து மூடிப்போனதால், உள்ளே எல்லாம் விட்டது விட்டபடி இருந்தது. சிங்கமும் காண்டாமிருகமும் குதிரையும் வரைந்த அந்தச் சுவர் ஓவியங்களைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். நான் சொல்ல வருவது அந்தச் சுவருக்குக் கீழே இருக்கும் தரையைப் பற்றி.

அந்தத் தரையில் கரடிகள் உறங்குவதற்காகக் களிமண்ணைப் பறித்து உண்டாக்கிய பள்ளங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. உள்ளங்கால் தடங்கள் இருக்கின்றன. சுவரில் நகத்தால் பிறாண்டிய கீறல்கள் இருக்கின்றன. சில இடங்களில் அந்தக் கீறலுக்கு மேல் மனிதர் வரைந்திருக்கிறார்கள், சில இடங்களில் ஓவியத்துக்கு மேல் கீறல் விழுந்திருக்கிறது. யார் முதலில் வந்தார்கள், யார் பிறகு வந்தார்கள் என்று அடுக்கடுக்காகப் படிக்க முடிகிறது. 150-க்கும் மேற்பட்ட கரடி மண்டையோடுகள் அங்கே உள்ளன. அதில் ஒன்றை மனிதர் எடுத்து ஒரு பாறைத் துண்டின் மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஏன் வைத்தார்கள் என்பது பற்றி ஆளுக்கொரு கருத்து உண்டு. ஆனால் அது வைக்கப்பட்ட இடத்திலேயே இருப்பதால்தான் கருத்து சொல்லவே முடிகிறது.

அந்த மூவரும் செய்ததைக் கவனியுங்கள். தரையில் என்ன இருக்கிறது என்று புரிந்ததும், ஒருவர் வைத்த அடியிலேயே அடுத்தவர் அடி வைத்து நடந்தார்கள். மறுமுறை வந்தபோது பிளாஸ்டிக் விரிப்பு கொண்டுவந்து, நடக்கும் இடத்தில் மட்டும் போட்டுக்கொண்டார்கள். பிறகு அரசு உலோகப் பாலப் பாதை அமைத்தது. ஆய்வாளர்கள்கூட அந்தப் பாதையை விட்டு இறங்கித் தரையில் நடப்பதில்லை. பொதுமக்களுக்கு அனுமதி கிடையாது. அவர்கள் பார்ப்பதற்காகவே அருகில் ஒரு மாதிரிக் குகையைக் கட்டி 2015-ல் திறந்தார்கள். இவ்வளவு பணமும் கட்டுப்பாடும் தேவைப்பட்டது உண்மை. ஆனால் தொடக்கம், வார இறுதியில் வந்த மூன்று பேர் தம் காலைக் கவனித்து வைத்ததுதான். அந்த நிதானத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நெகிழ்கிறது.

இன்னொரு குகையின் கதை வேறு. ருமேனியாவில் சியூர் இஸ்பூக் என்றொரு குகை. 1965-ல் அதன் உள் அறை ஒன்றில் மனிதக் காலடித் தடங்களும் குகைக் கரடியின் தடங்களும் ஒன்றாகக் கிடைத்தன. மனிதத் தடங்கள் மட்டும் சுமார் 400 என்று அப்போது பதிவு செய்தார்கள். பிறகு வந்த ஆய்வாளர்கள் மறுபடி அளந்து 2014-ல் முடிவுகளை வெளியிட்டபோது, மிச்சம் இருந்தவை 51. தடம் பதிந்த தரைக்குச் சற்றுக் கீழே கிடைத்த கரடி எலும்புகளின் வயதை வைத்து, அந்தத் தடங்கள் சுமார் 36,500 ஆண்டுகள் பழமையானவை என்று கண்டார்கள்.

36,500 ஆண்டுகள் தாங்கி நின்றவை, கண்டுபிடிக்கப்பட்ட பிறகு ஐம்பது ஆண்டுகளுக்குள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. கல் உடைக்க வந்தவர்களோ புதையல் தேடியவர்களோ அழிக்கவில்லை. குகை பார்க்க ஆசைப்பட்டு வந்தவர்கள், நம்மைப் போன்றவர்கள், நடந்தே அழித்தார்கள். அதில் ஒருவருக்குக்கூடக் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. 'நான் ஒருத்தி நடந்தால் என்ன ஆகிவிடும்' என்ற எண்ணம் போதும், அது எல்லோருக்கும் வரும். ஒரு தடத்தின் மேல் ஒரு ஷூ பட்டால் விரல் பதிவு போய்விடும். பத்து ஷூ பட்டால் தடம் இருந்த இடமே தெரியாது. எலும்பு உடைந்தால் ஒட்டிவைக்கலாம், சுவரில் கிறுக்கியதைக்கூடச் சில சமயம் அழித்துவிடலாம். களிமண்ணில் கலைந்த தடத்தை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

முதலில் அது எப்படி அத்தனை காலம் நின்றது என்பதையும் சொல்ல வேண்டும். வெளியே மழையும் வெயிலும் காற்றும் எந்தத் தடத்தையும் ஒரு வாரம் விட்டுவைக்காது. குகையின் உள்ளறையில் காற்று அசைவு மிகக் குறைவு, வெப்பநிலை ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே அளவு. ஈரக் களிமண் மெதுவாக இறுகும். சில குகைகளில் மேலிருந்து சொட்டும் நீரில் கரைந்த சுண்ணாம்பு, தடத்தின் மேல் மெல்லிய ஓடுபோலப் படிந்து அதை மூடிக் காக்கும். குகை வாய் சரிந்து அடைபட்டால் வேறு விலங்கும் வராது. இவை எல்லாம் ஒருங்கே அமைய வேண்டும், அதனால்தான் இப்படிப்பட்ட தரைகள் உலகத்திலேயே குறைவு. மேலே படிந்த ஓட்டைப் பார்த்து 'கல்லாகிவிட்டது, இனி ஒன்றும் ஆகாது' என்று நினைத்துவிடக் கூடாது. பல இடங்களில் அந்த ஓடு மிக மெல்லியது, கீழே மண் இன்னும் மெத்தென்று இருக்கும்.

இத்தாலியின் தோய்ரானோ ஊரில் பாசுரா குகை. 1950-ல் உள் வழி திறந்தபோது கரடித் தடங்களும் மனிதத் தடங்களும் சேர்ந்து கிடந்தன. 2019-ல் வெளிவந்த ஆய்வில் அங்கே எஞ்சியிருந்த சுமார் 180 தடங்களை முப்பரிமாணப் பதிவெடுத்துப் படித்தார்கள். சுமார் 14,000 ஆண்டுகளுக்கு முன் ஐந்து பேர் வந்திருக்கிறார்கள். இரண்டு பெரியவர்கள், ஒரு சிறுவன் அல்லது சிறுமி, இரண்டு சின்னக் குழந்தைகள். கடைசிக் குழந்தைக்கு வயது சுமார் 3. பைன் மரக் குச்சிக் கட்டைக் கொளுத்தி வெளிச்சம் பிடித்து, சுவர் ஓரமாக வரிசையாகப் போயிருக்கிறார்கள். கூரை தாழ்ந்த இடத்தில் வெறுங்காலோடு தவழ்ந்திருக்கிறார்கள், முழங்கால் பதிவுகூட மண்ணில் இருக்கிறது. மூன்று வயதுக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு கரடி வாழ்ந்த குகைக்குள் போன அந்தக் குடும்பத்தைப் பற்றி ஓர் எழுத்து எங்கும் கிடையாது. தரை மட்டும்தான் சாட்சி.

சரி, இதெல்லாம் ஐரோப்பா, நம் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

நம் நாட்டிலும் அழிந்துபோன கரடிகள் உண்டு. சிவாலிக் மலைத்தொடரில் கிடைத்த ஒரு பெரிய கரடியின் புதைபடிவத்தை ஃபால்கனர், காட்லி என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1836-லேயே விவரித்திருக்கிறார்கள். கங்கைக் கால்வாயை வெட்டிய அதே காட்லிதான். இன்றைய தேன்கரடியின் மூதாதை வழியைச் சேர்ந்தது என்று கருதப்படும் இன்னொரு மண்டையோடும் அந்த மலைகளிலேயே கிடைத்தது.

தெற்கே வந்தால் கர்னூல் குகைகள். ராபர்ட் ப்ரூஸ் ஃபூட் பெயரைத் தமிழ்நாட்டில் பலர் அறிவார்கள். 1863-ல் சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தவர், ஏற்காட்டில் வீடு வைத்து வாழ்ந்தவர். அவர் 1884-ல் பேதஞ்செர்லா அருகிலுள்ள பில்லசுர்கம் குகைகளைத் தோண்டத் தொடங்கினார். பிறகு ராணுவத்தில் இருந்த அவருடைய மகன் அந்த வேலையைத் தொடர்ந்தார். கிடைத்த எலும்புகளை லைடெக்கர் என்ற புதைபடிவ ஆய்வாளர் ஆராய்ந்து 1886-ல் வெளியிட்டார். கர்னூலின் பெயரையே வைத்த ஒரு காண்டாமிருகம் அந்தப் பட்டியலில் உண்டு. இன்று அந்தப் பக்கம் காண்டாமிருகம் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள்.

அந்தக் காலத்து அகழ்வில் குறி எலும்பும் கருவியும்தான். தரையின் மேற்பரப்பைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்து, அங்குலம் அங்குலமாகப் பதிவு செய்யும் வழக்கமெல்லாம் பிறகு வந்தது. கர்னூல் குகைகளின் உள்ளறைகளில் அழிந்துபோன விலங்கின் தடம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. எல்லா அறையிலும் இருக்க வாய்ப்பும் இல்லை. பெலும் போன்ற குகையை ஓடும் நீரே குடைந்தது, வெள்ளம் புகுந்து போன தரையில் எதுவும் மிஞ்சாது. ஆனால் வெள்ளம் எட்டாத மேல்தளத்து அறைகளும், வாய் அடைபட்ட கிளைகளும் வேறு கணக்கு. அங்கே இருக்கிறதா இல்லையா என்று தெரிந்தவர்கள் பார்ப்பதற்குமுன் நாம் மிதித்துவிட்டால், அந்தக் கேள்விக்கு இனி விடையே கிடைக்காது. நீங்கள் "யாருமே கால் வைக்காத அறை" என்று எதை விளம்பரப்படுத்துகிறீர்களோ, அந்த ஒரு காரணத்துக்காகவே அது காக்கப்பட வேண்டிய அறை.

அழிந்த விலங்காகவே இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. நம் தேன்கரடி குளிர்கால உறக்கம் போடுவதில்லை என்றாலும் குட்டி ஈனக் குகையையும் பாறைப் பொந்தையும் தேடிப் போகும். முள்ளம்பன்றி, சிறுத்தை, கழுதைப்புலி எல்லாம் குகைவாசிகள்தான். இருநூறு ஆண்டுப் பழைய கரடித் தடம் ஒன்று ஒரு குகையில் உறுதியானால், இன்று கரடியே இல்லாத அந்த வட்டாரத்தில் அது இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டாம்.

அரசு பார்த்துக்கொள்ளட்டும் என்று இதை விட்டுவிடவும் முடியாது. புவிமரபு இடங்களையும், அதாவது பூமியின் வரலாற்றைச் சொல்லும் இடங்களையும், புதைபடிவங்களையும் காப்பதற்கான ஒரு சட்ட வரைவை மத்தியச் சுரங்க அமைச்சகம் 2022 டிசம்பரில் வெளியிட்டது. நல்ல முயற்சி. ஆனால் எந்தச் சட்டம் வந்தாலும், பாதையில்லாத ஒவ்வொரு குகை வாயிலும் ஒரு காவலாளி உட்காரப்போவதில்லை. அங்கே முதலில் போய்ச் சேருவது எப்போதும் நீங்கள்தான்.

அதனால் குழு நடத்துபவர்கள் என்ன செய்ய முடியும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பெலும் தாராளமாகப் போங்கள். 3 கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ள குகை, விளக்கும் நடைபாதையும் போட்டு 2002 முதல் மக்களுக்குத் திறந்திருக்கிறது. அங்கே பாதையை விட்டு இறங்காமல் இருந்தால் போதும். பாதையில்லாத குகைக்குப் போவதாக இருந்தால், முதல் சில மீட்டர், ஏற்கெனவே ஆடு மாடும் ஊர்க்காரர்களும் நடந்து இறுகிய தரையோடு நின்றுவிடுங்கள். ஒற்றை வரிசையில் போய், அதே வழியில் திரும்புங்கள். சுவர் ஓரம் குறிப்பாக வேண்டாம். இருட்டில் கரடியும் மனிதரும் சுவரை ஒட்டித்தான் நடப்பார்கள், தடம் மிஞ்சுவதும் பெரும்பாலும் அங்கேதான். நம் ஆட்கள் செல்ஃபிக்காக முதுகு சாய்த்து நிற்பதும் அங்கேதான் என்பதைப் பல பயணங்களில் பார்த்துவிட்டேன்.

வழிகாட்டி ஒருவர் மட்டும் முதலில் நின்று, டார்ச்சைத் தரைக்கு மிக அருகே தாழ்த்தி, பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி பிடித்துப் பார்க்க வேண்டும். தலையில் கட்டிய விளக்கு மேலிருந்து நேராக அடிப்பதால் பள்ளமும் மேடும் ஒன்றாகவே தெரியும். பக்க வெளிச்சத்தில் விரல் பதிவுகூட நிழலோடு எழுந்து நிற்கும். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை, குனிய வேண்டும், அவ்வளவுதான்.

கரடியின் பின்னங்கால் தடம் பார்ப்பதற்கு மனிதக் கால் போலவே இருக்கும். அதுவும் நம்மைப் போல முழு உள்ளங்காலை ஊன்றித்தான் நடக்கும், விரலும் ஐந்துதான். ஆனால் நமக்குப் பெருவிரல் உள்பக்கம் இருக்கிறது, கரடிக்குப் பெரிய விரல் வெளிப்பக்கம். விரலுக்கு முன்னால் நகக் குறி தனியாக விழுந்திருக்கும். ஆனாலும் நீங்களே முடிவு கட்டிவிட வேண்டாம். தான்சானியாவின் லேட்டோலியில் 1976-ல் கிடைத்த 36 லட்சம் ஆண்டுப் பழைய தடங்கள் சிலவற்றைப் பின்னங்காலில் நடந்த கரடியுடையவை என்று பல காலம் சொல்லிவந்தார்கள். உயிருள்ள கருங்கரடிகள் நடப்பதைப் படம் பிடித்து ஒப்பிட்டு, அவை மனித மூதாதை இனம் ஒன்றின் தடங்களே என்று 2021-ல்தான் ஆய்வாளர்கள் நிறுவினார்கள். நிபுணர்களுக்கே அத்தனை ஆண்டு பிடித்திருக்கிறது.

தடம் போல ஏதாவது கண்ணில் பட்டால் அங்கேயே நில்லுங்கள். பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை அளவுக்கு வைத்து, பக்க வெளிச்சத்தில் பல கோணங்களில் படமெடுங்கள். மேலும் கீழும் சுற்றிலும் ஒன்றோடொன்று ஒட்டிவரும்படி எடுத்த படங்கள் இருந்தால், அவற்றிலிருந்தே முப்பரிமாண உருவம் செய்துவிடலாம், சாதாரண ஃபோன் போதும். தொடாதீர்கள். தூசி தட்டாதீர்கள். ஈரமாக்கினால் நன்றாகத் தெரியும் என்று தண்ணீர் தெளிக்காதீர்கள். பிறகு வந்த வழியே வெளியே வந்துவிடுங்கள். ரீல்ஸ் போட வேண்டாம், இடக்குறியோடு எதுவுமே வேண்டாம். அடுத்த சனிக்கிழமை நான்கு வண்டி அங்கே நிற்கும். நம் குமாரசாமி லேஅவுட்டிலேயே இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் அலுவலகம் இருக்கிறது. படங்களோடு ஒரு கடிதம் அங்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.

இப்படியெல்லாம் கட்டுப்பாடு வைத்தால் ஆட்கள் வர மாட்டார்கள் என்று சிலர் சொல்லக்கூடும். நான் அப்படி நினைக்கவில்லை. பிரான்ஸின் ரூஃபினியாக் குகைக்கு 1959 முதல் ஒரு சிறு மின்ரயிலில் உட்கார்ந்தேதான் மக்கள் போய் வருகிறார்கள். கரடி உறங்கிய பள்ளங்களையும் நகக் கீறல்களையும் வண்டியிலிருந்தே பார்க்கிறார்கள், கூட்டத்துக்குக் குறைவில்லை. அமெரிக்காவின் மிசௌரியில் 2001-ல் சாலைக்காகப் பாறைக்கு வெடி வைத்தபோது ஒரு குகை திறந்துகொண்டது. உள்ளே, அழிந்துபோன குட்டைமுகக் கரடியின் நகக் கீறல்கள் மனிதர் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தன. அந்த மாவட்ட நிர்வாகம் சாலையையே வேறு பக்கம் திருப்பியது. ஒரு சாலையைத் திருப்ப முடியும் என்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமைத் திட்டத்தை மாற்றுவது நமக்குப் பெரிய காரியமா?

மாற்றாக என்ன செய்யலாம் என்பதையும் யோசித்தேன். இரண்டாம் நாள் பேதஞ்செர்லா பக்கம் போய், பில்லசுர்கம் குகைகளை வாயிலில் நின்று பாருங்கள். ஃபூட் தோண்டிய இடம் என்று சொல்லி, காண்டாமிருகத்தின் கதையைச் சொல்லுங்கள். குழந்தைகளோடு வருபவர்களுக்கு இது தவழ்வதைவிடப் பிடிக்கும் என்பது என் அனுபவம். மழைக்காலமாக இருந்தால் பயணத்தையே தள்ளிவைத்துவிட்டு, லால்பாக் பாறையில் ஒரு காலை நேரத்தைச் செலவிடலாம். 300 கோடி ஆண்டுப் பாறை அது. தினமும் அதன் மேல் நடக்கிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

புறப்படும் முன் எல்லோரையும் கூட்டி அரை மணி நேரம் இதைப் பற்றிப் பேச வேண்டும் என்றால் நான் வருகிறேன். அல்சூர் ஏரிக்கரையில் ஏதாவது ஒரு மாலை சந்திக்கலாம். டார்ச்சைத் தாழ்த்திப் பிடிப்பது எப்படி, படம் எடுப்பது எப்படி என்று மண்ணில் நம் காலையே பதித்துச் செய்து காட்டிவிடலாம். அதுவரை அந்த அறிவிப்பிலிருந்து "யாருமே கால் வைக்காத அறை" என்ற வரியை எடுத்துவிடுங்கள். பணம் கட்டியவர்களுக்குத் திட்டம் ஏன் மாறியது என்று இந்த மடலையே அனுப்பினாலும் சரி.

அன்புடன்,
உங்கள் பயணங்களில் அடிக்கடி கூட வரும் ஒருத்தி,
அல்சூர், பெங்களூரு